கடலுக்குக் குரல் கொடுத்தவர்
கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனியின் வாழ்க்கை

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் குளித்தவர்களுக்கெல்லாம் ஒரு வழக்கம் தெரியும். மலைமேல் மழை வலுத்து, தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கியதும் காவலர் விசில் ஊதுவார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு முறைக்காகக் காத்திருப்பவரும் சரி, பாதிக் குளியலில் நிற்பவரும் சரி, உடனே வெளியேறிவிட வேண்டும். விசில் சிறு பொருள்தான். ஆனால் அதன் ஓசைக்கு என்ன அர்த்தம் என்பது அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததோடு நில்லாமல் எல்லாரும் கீழ்ப்படிகிறார்கள். உயிரைக் காப்பது அதுதான்.

அந்த அருவித் தண்ணீர் சிற்றாறாகி, தென்காசி வழியே ஓடி, தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து அப்பால் பார்த்த இடமெல்லாம் தண்ணீர். அங்கே ஆபத்து வந்தால் விசில் ஊதக் காவலர் இல்லை. ஊதினாலும் கேட்க ஆள் இல்லை. நம் குடும்பங்களில் கடற்கரை ஊர்களில் பெண் கொடுத்தவர்கள் உண்டு; மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டுச் செபமாலையும் கையுமாக இருக்கும் தாய்மாரும் உண்டு. ஆகவே, கடலில் தவிப்பவனுக்கு ஒரு குரலைக் கொடுத்த மனிதரின் வரலாற்றை இவ்வாரம் வாசிப்பது நமக்குப் பொருத்தமே. அவர் நிறைகளும் குறைகளும் உள்ள மனிதர். அவருடைய குறையிலிருந்தும் உலகம் ஒரு பாடம் படித்தது.

குலியெல்மோ மார்க்கோனி 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ம் நாள் இத்தாலி தேசத்தின் பொலோஞா நகரில் பிறந்தார். தந்தை ஜுசேப்பே மார்க்கோனி நிலபுலம் உள்ளவர். தாய் ஆன்னி ஜேம்சன் அயர்லாந்து நாட்டுப் பெண்மணி. குழந்தைக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் தரப்பட்டதாயினும், தாயார் புரொட்டஸ்டாண்டு மதத்தினராதலால் வளர்ப்பு பெரும்பாலும் அந்த முறையிலேயே நடந்தது.

பையன் பள்ளிப் படிப்பில் பெயர் எடுத்தவனல்லன். பரீட்சைகளில் தேறாமல் தகப்பனாரின் கோபத்துக்கு ஆளானதுண்டு. ஆனால் மின்சாரம் என்றால் மட்டும் அவனுக்கு ஊண் உறக்கம் வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்காரரான ரீகி என்னும் பேராசிரியர் தம் ஆய்வுக்கூடத்துக்குள் அவனை அனுமதித்தார். 1894-ல் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி காலமானபோது அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று மார்க்கோனியின் கைக்கு எட்டியது. கம்பி எதுவுமின்றி மின் அலைகள் வெளியில் பரவுகின்றன என்று ஹெர்ட்ஸ் காட்டியிருந்தார். அப்படியானால் அந்த அலைகளின் மேல் செய்தியை ஏற்றி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அந்த 20 வயது இளைஞரைப் பற்றிக்கொண்டது.

பொன்டெக்கியோ என்னும் கிராமத்தில் இருந்த அவர்களுடைய வீட்டின் மேல்மாடியில் பரிசோதனைகள் தொடங்கின. முதலில் அறைக்குள், பிறகு முற்றத்தில், பிறகு வயல்வெளியில் என்று தொலைவு கூடியது. 1895-ல் அண்ணன் அல்பொன்சோ வாங்கும் கருவியைச் சுமந்துகொண்டு குன்றுக்கு அப்பால் போனார். தம்பி இங்கே சாவியை அழுத்தினார். குன்றுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டது. செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு அவர்கள் பேசி வைத்திருந்த அடையாளம் அது. மலை மறைத்தாலும் அலை போய்ச் சேரும் என்பது அன்று உறுதியாயிற்று.

இதே ஆண்டுகளில் நம் நாட்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸும் மின் அலைகளைக் கொண்டு அரிய சோதனைகளை நடத்தினார் என்பதை நாம் மறக்கலாகாது. போஸ் பணத்தை நாடாத ஆய்வாளர். மார்க்கோனியோ கண்டதை உடனே உபயோகத்துக்குக் கொண்டுவரத் துடித்தவர். இருவரும் வெவ்வேறு வழி நடந்தார்கள்.

இத்தாலியில் ஆதரவு கிடைக்காததால் 1896-ல் தாயும் மகனும் இங்கிலாந்துக்குப் போனார்கள். அவ்வாண்டே மார்க்கோனி தம் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1897 மே மாதத்தில் பிரிஸ்டல் கால்வாயில் ஒரு தீவிலிருந்து கரைக்குத் தண்ணீரின் மேலாகச் செய்தி பறந்தது. அவ்வாண்டிலேயே அவருடைய கம்பெனியும் உருவாயிற்று.

தரையில் தந்திக் கம்பி போட்டுக்கொள்ளலாம். கடலில் ஓடும் கப்பலுக்குக் கம்பி இழுக்க முடியாது. ஆகவே இந்தக் கண்டுபிடிப்பின் மெய்யான வீடு கடலே என்பதை மார்க்கோனி ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார். இங்கிலாந்தின் கிழக்கே குட்வின் என்னும் மணல்திட்டு அருகில் நிறுத்தப்பட்டிருந்த விளக்குக் கப்பலில் 1898-ல் அவருடைய கருவி பொருத்தப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 28-ம் நாள் மூடுபனியில் ஒரு நீராவிக் கப்பல் வந்து அந்த விளக்குக் கப்பலின் மீதே மோதிற்று. உடனே கம்பியில்லாத் தந்தி வழியே கரைக்குச் செய்தி பறந்தது, உதவியும் வந்தது. கடலில் ஆபத்துக் காலத்தில் இக்கருவி குரல் கொடுத்த ஆரம்ப நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

1901 டிசம்பர் 12-ம் நாள் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேற்குக் கரையில், நியூபவுண்ட்லாந்தில் ஒரு குன்றின் மேல் இருந்தார். வான்கம்பியைக் காற்றாடி ஒன்று தூக்கிப் பிடித்திருந்தது. காதில் வைத்த கருவியில், இங்கிலாந்தின் போல்டு என்ற இடத்திலிருந்து புறப்பட்ட மூன்று புள்ளிகள் சன்னமாகக் கேட்டதாக அவர் அறிவித்தார். இடைத் தொலைவு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஐயம் எழுப்பியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் 1902-ல் பிலடெல்பியா என்னும் கப்பலில் போகும்போது 1,500 மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து வந்த செய்திகள் காகித நாடாவிலேயே பதிவாயின. அதன்பின் வாதத்துக்கு இடம் குறைந்தது.

இனி அவர் வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மார்க்கோனி கம்பெனி கப்பல்களுக்குக் கருவிகளை வாடகைக்குக் கொடுத்தது. அவற்றை இயக்கும் ஆபரேட்டர்களும் அந்தக் கம்பெனியின் சம்பளக்காரர்களே. மற்றக் கம்பெனிகளின் கருவி வைத்திருக்கும் கப்பல்களோடு பேசக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. 1902-ல் ஜெர்மானியப் பேரரசரின் தம்பி இளவரசர் ஹென்றி அமெரிக்காவிலிருந்து திரும்பிய கப்பலில் ஜெர்மானியக் கருவி இருந்தது. அதன் அழைப்புக்கு மார்க்கோனி நிலையங்கள் பதில் தரவில்லை. வியாபாரம் என்று பார்த்தால் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். தண்ணீரில் தத்தளிப்பவனுடைய நிலையிலிருந்து பார்த்தால் என்ன சொல்வது? கூப்பிடுபவன் எந்தக் கடையில் கருவி வாங்கினான் என்று கேட்டுவிட்டா காப்பாற்றப் போவது?

இக்கேள்வியைத் தீர்க்க 1903-லும் 1906-லும் பெர்லின் நகரில் நாடுகள் கூடின. மார்க்கோனி கம்பெனி எதிர்த்தும், கரை நிலையங்கள் கருவி வேறுபாடு பாராமல் எல்லாக் கப்பல்களோடும் செய்தி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 1906-ல் முடிவாயிற்று. ஆபத்து அழைப்புக்கு முதலிடம் தர வேண்டும் என்பதும் அங்கே வகுக்கப்பட்டது. அதுவரை மார்க்கோனி ஆபரேட்டர்கள் ஆபத்துக்கு சி.க்யூ.டி. என்ற எழுத்துக்களை அனுப்பி வந்தார்கள். இனி எல்லா நாட்டுக்கும் எஸ்.ஓ.எஸ். என்று தீர்மானித்தார்கள். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. இவ்வெழுத்துக்கள் எந்த வாக்கியத்தின் சுருக்கமும் அல்ல. அனுப்புவதற்கு எளிது, எந்த இரைச்சலிலும் அடையாளம் தெரியும் என்பதே அவற்றைத் தேர்ந்ததன் காரணம். இது 1908 ஜூலை முதல் அமலுக்கு வந்தது.

1909 ஜனவரி 23-ம் நாள் அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் ரிபப்ளிக் என்ற கப்பலும் புளோரிடா என்ற கப்பலும் மோதிக்கொண்டன. ரிபப்ளிக்கின் ஆபரேட்டர் ஜாக் பின்ஸ் இடிந்த அறையில் குளிரில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் செய்தி அனுப்பினார். பால்டிக் என்னும் கப்பல் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் உயிர் தப்பினர். அவ்வாண்டே மார்க்கோனிக்கு, ஜெர்மானியரான பிரவுனுடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. கடல் இனி அடங்கிவிட்டது என்றே உலகம் எண்ணியது.

மூன்று ஆண்டு கழியவில்லை. 1912 ஏப்ரல் 14-ம் நாள் இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதிற்று. அதிலிருந்த ஆபரேட்டர்கள் ஜாக் பிலிப்ஸ், ஹரால்ட் பிரைட் இருவரும் மார்க்கோனி கம்பெனியின் இளைஞர்கள். மோதுவதற்கு முன்பு, இரவு 11 மணி அளவில், 20 மைலுக்குள் நின்றிருந்த கலிபோர்னியன் என்ற கப்பலின் ஆபரேட்டர் சிரில் எவன்ஸ் அவர்களைக் கூப்பிட்டு, தாங்கள் பனிக்கட்டியின் நடுவே நின்றுவிட்டதாகத் தெரிவிக்க முயன்றார். அப்போது பிலிப்ஸ் பிரயாணிகளுடைய சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மும்முரமாயிருந்தார். குறுக்கே வராதே என்று எவன்ஸை நிறுத்திவிட்டார். கப்பல் தலைவனிடம் கட்டாயம் கொடுக்க வேண்டிய செய்தி என்பதற்கு ஓர் அடையாளக் குறி உண்டு. எவன்ஸின் செய்தியில் அந்தக் குறி முன்னால் வரவில்லை. ஆகவே அது தலைவனிடம் போகவும் இல்லை.

எவன்ஸ் அந்தக் கப்பலில் ஒரே ஆபரேட்டர். நாள் முழுவதும் வேலை செய்த களைப்பு. 11.35 மணி அளவில் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். 11.40-க்கு டைட்டானிக் மோதிற்று. நள்ளிரவுக்குப் பின் ஆபத்து அழைப்பு அலையலையாகப் புறப்பட்டபோது, மிக அருகில் இருந்தவர்களில் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். இன்னும் தொலைவில், 58 மைலுக்கு அப்பால், கார்பேத்தியா கப்பலின் ஆபரேட்டர் ஹரால்ட் காட்டமும் படுக்கத்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் காதிலிருந்த கருவியை இன்னும் கழற்றவில்லை. அந்தச் சில நிமிஷம்தான் 700-க்கு மேற்பட்டவர்களின் உயிர். மற்ற ஏறத்தாழ 1,500 பேர் கடலுக்கு இரையாயினர். பிலிப்ஸ் கடைசிவரை சாவியை விடாமல் உழைத்து, கப்பலோடு மாண்டார்.

அப்போது மார்க்கோனி நியூயார்க்கில் இருந்தார். கார்பேத்தியா துறைமுகம் சேர்ந்த இரவு கப்பலுக்குள் போய், காலில் காயத்தோடு கிடந்த பிரைட்டைப் பார்த்தார். பிழைத்தவர்கள் எல்லாரும் அவருடைய கருவியால் பிழைத்தார்கள் என்று ஊர் புகழ்ந்தது. அதே சமயம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த விசாரணைகளில் அவர் சாட்சி சொல்லவும் நேர்ந்தது. கருவி அன்று பழுதுபடவில்லை. எப்போது பேசுவது, எப்போது பேச்சை நிறுத்துவது, யார் விழித்திருப்பது என்ற ஒழுங்குதான் போதாமலிருந்தது.

அந்த ஒழுங்கை வகுக்க 1912-லேயே லண்டனில் நாடுகள் கூடின. 1914 ஜனவரி 20-ம் நாள் கடலில் உயிர்க்காப்பு பற்றிய முதல் சர்வதேச உடன்படிக்கை அங்கே கையெழுத்தாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ ஏறிச் செல்லும் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். உலக யுத்தம் குறுக்கிட்டதால் அது சொன்னபடி நடைமுறைக்கு வரவில்லை. எனினும் பின்வந்த உடன்படிக்கைகள் அதன்மேல் கட்டப்பட்டவையே.

அவற்றால் விளைந்த விதிகளில் ஒன்று நெஞ்சைத் தொடுவது. மணிக்கு இருமுறை, 15-வது நிமிஷத்திலும் 45-வது நிமிஷத்திலும், மும்மூன்று நிமிஷம் ஆபத்து அலைவரிசையில் எல்லாக் கப்பல்களும் வாய் மூடிக்கொள்ள வேண்டும். எங்கேயாவது பலமற்ற குரல் ஒன்று உதவி கேட்கிறதா என்று செவிகொடுக்க வேண்டும். கப்பலின் தந்தி அறைக் கடிகாரத்தில் அந்த நிமிஷங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பார்கள். முள் சிவப்பில் ஏறியதும் கை சாவியை விட்டு விலகும். ஆபரேட்டர் உறங்கும் வேளைக்கும் வழி கண்டார்கள். நான்கு விநாடி நீளமுள்ள 12 கோடுகள் தொடர்ந்து வந்தால் தானாகவே மணி அடித்து எழுப்பும் கருவி வந்தது. எவன்ஸின் அறையில் அப்படியொரு மணி இருந்திருந்தால் என்ற ஏக்கம் அக்கருவியின் பின்னால் இருக்கிறது.

பின்பு, புள்ளியும் கோடும் போய், வாயால் பேசும் வானொலி கப்பல்களுக்கு வந்தது. அதற்கும் ஆபத்துச் சொல் தேவைப்பட்டது. உதவுங்கள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஓசையிலிருந்து மேடே என்ற சொல்லை எடுத்து, 1927-ல் வாஷிங்டன் மகாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

மார்க்கோனியின் கதைக்குத் திரும்புவோம். 1912 செப்டம்பரில் நடந்த மோட்டார் விபத்தில் அவர் வலக்கண்ணை இழந்தார். யுத்தத்துக்குப் பின் எலெட்ரா என்னும் உல்லாசக் கப்பலை வாங்கி, அதையே ஆய்வுக்கூடமாக்கிக் கடலிலேயே பெரும்பகுதி வாழ்ந்தார். சிற்றலைகளைக் கொண்டு அவர் வகுத்த முறையில் 1927-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தந்திச் சேவை தொடங்கியது. முதல் திருமணம் முறிந்தது. திருச்சபை அத்திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்த பின், 1927-ல் கத்தோலிக்க முறைப்படி மரியா கிறிஸ்தீனாவை மணந்தார். முசோலினியின் கட்சியில் சேர்ந்து, அந்த ஆட்சியில் பெரும் பதவியும் வகித்தார். இது அவர் பெயருக்கு மாசாகவே வரலாற்றில் நிற்கிறது.

பாப்பரசர் 11-ம் பத்திநாதர் வத்திக்கானில் ஒரு வானொலி நிலையம் அமைத்துத் தருமாறு மார்க்கோனியைக் கேட்டுக்கொண்டார். அவர் நேரில் நின்று அப்பணியை முடித்தார். 1931 பிப்ரவரி 12-ம் நாள் மார்க்கோனி முன்னுரை கூற, பாப்பரசர் ஒலிபெருக்கியின் முன் வந்து லத்தீன் மொழியில் உலகத்தாருக்குச் செய்தி தந்தார். ஒரு பாப்பரசரின் குரலைக் கண்டங்கள் கடந்து மக்கள் ஒரே நேரத்தில் கேட்டது அதுவே முதல் முறை. பிற்காலத்தில் அந்நிலையம் தமிழிலும் பேசியது என்பது நமக்கு மகிழ்ச்சி.

1937 ஜூலை 20-ம் நாள் ரோமாபுரியில் மார்க்கோனி மாரடைப்பால் காலமானார். வயது 63. அவர் அடக்கத்தையொட்டி உலகின் பல பாகங்களில் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிஷம் மௌனம் காத்தன. வாழ்நாள் முழுவதும் வெளியை ஓசையால் நிரப்பியவருக்கு உலகம் செலுத்திய மரியாதை மௌனமாயிருந்தது. கடலில் உதவி கேட்போருக்காகக் கப்பல்கள் கடைப்பிடித்ததும் அதே மௌனந்தான். அவர் உடல் இன்று பொன்டெக்கியோவில், துப்பாக்கி வெடித்த குன்றுக்கு அருகே, அவர் வீட்டின் அடியில் இருக்கிறது.

புள்ளியும் கோடுமான ஆபத்து அழைப்பு 1999 பிப்ரவரி முதல் உலகக் கடற்பாதுகாப்பு முறையிலிருந்து விலகிவிட்டது. துணைக்கோள்களும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் தானே செய்தி அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் விதியின் சாரம் மாறவில்லை. நம் கரையோரத்து விசைப்படகுகளில் உள்ள வயர்லெஸ் செட்டிலும் 16-ம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. அதில் ஊர்க்கதை பேசலாகாது. பேசுமுன் கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மேடே என்று மும்முறை. பிறகு படகின் பெயர் மும்முறை. எந்த இடம், என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் மற்றப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். பொய்யாக அழைப்பது குற்றம். கரையிலிருந்து கடலோரக் காவற்படையைக் கூப்பிட 1554 என்ற எண் உண்டு.

இந்த வயர்லெஸ் செட்டின் குரல் சில பத்து மைல் தொலைவுக்கே எட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர் பலர் அந்த எல்லைக்கு வெகு அப்பால் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்கள் குரல் கரையை எட்டவில்லை. பல வீடுகளில் இன்னும் ஆறாத துயரம் அது. டைட்டானிக் மூழ்கி 105 ஆண்டு ஆன பிறகும், கேட்கும் காது எட்டும் தொலைவில் இல்லாவிட்டால் கடலில் மனிதன் தனியன் என்பதை நம் கரையே கண்டது. துணைக்கோள் வழியே பேசும் கருவிகள் ஒவ்வொரு படகுக்கும் வேண்டும் என்று அவர்கள் கேட்பது சலுகை அல்ல.

இத்தாலியில் ஒரு மேல்மாடியில் தொடங்கிய வேலை, கூப்பிடும் வழியை உலகுக்குக் கொடுத்தது. கூப்பிட்டவனுக்குச் செவிகொடுக்கும் கடமையை உலகம் பல உயிர்களை விலையாகக் கொடுத்துப் பிறகுதான் கற்றது. அடுத்த சாரலுக்கு நம் பிள்ளைகளோடு அருவிக்குப் போகும்போது, விசில் கேட்டதும் முணுமுணுக்காமல் ஒதுங்கி நின்று, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுவோம்.